ரங்கூன் கணக்கில் ஒரு தலை

உயிரோடு இருக்கும் ஒரு மகனின் விலை ஒரு வெள்ளி அரைஞாண்கொடி. 1931ஆம் வருஷம் மாசி மாதம் பாவடிப்பாளையத்தில் அதுதான் நிலவரம். விலை சொன்னவள் கந்தம்மாள். வாங்கிக்கொள்ள வேண்டியவர் ஆரம்பப் பள்ளி வாத்தியார் கைலாசம். கைமாற வேண்டிய சரக்கு, ஜனத்தொகைக் கணக்குத் தாளில் கறுப்பு மையால் எழுதியிருந்த ஒற்றை வரி: செங்கோடன், ஆண், வயது இருபத்தெட்டு, தொழில் நெசவு.

அந்த வரியை அவர் அடிக்காமல் விட வேண்டும். கந்தம்மாள் கேட்டது அவ்வளவுதான்.

"கொழந்தையில அவன் இடுப்புல கெடந்த கொடிங்க சாமி. கலப்பில்லாத வெள்ளி. வேணும்னா உரசிப் பாருங்க" என்று பள்ளிக்கூட வாசலில் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

கைலாசம் சுற்றுமுற்றும் பார்த்தார். "மொதல்ல அத உள்ள வைங்க. பொய்க் கணக்கு எழுதினா வேலை போறதோட நிக்காது, ஜெயிலு. வர்ற வியாழக்கிழமை ராத்திரி யாரு ஊட்ல இருக்கறாங்களோ அவங்க பேரு நிக்கும். இல்லாதவங்க பேரைச் சிவப்பு மையில அடிக்கோணும். டில்லியில போட்ட சட்டமுங்க. நான் போட்டதில்ல."

"அவன் ஊட்லதான் இருக்கறான்."

"ரங்கூன்ல இருக்கறான்னு ஊருக்கே தெரியுமுங்களே."

"தறியில பாவு இருக்குதுங்க. வந்து பாருங்க."

வெளியூர்க்காரன் காதில் விழுந்திருந்தால் சிரித்திருப்பான். கைலாசம் சிரிக்கவில்லை. அவரும் அந்த ஊரில் பிறந்தவர்தான்.

நெசவாளர்கள் தறியில் ஏற்றும் நீளவாட்டு நூலான பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும் பொதுத் திடலுக்குப் பாவடி என்று பெயர். புதுச்சத்திரத்துக்கு மேற்கே அப்படி ஒரு திடலைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. அங்கே தலையை எண்ணுகிற வழக்கமே கிடையாது. மாரியம்மன் நோம்பிக்கு வரி போட்டாலும், தேர் இழுக்க ஆள் பிரித்தாலும், இழவு வீட்டுக்கு விறகு திரட்டினாலும் தறிக்கணக்குத்தான். பாவு ஏறிய தறி ஒன்று என்றால் ஆள் ஒன்று. அந்த ஆள் சந்தைக்குப் போயிருக்கலாம், கப்பல் ஏறியும் போயிருக்கலாம். பாவு தறியில் இருக்கிற வரைக்கும் அவன் ஊரில் இருக்கிறான். அதை அறுத்துத் தறியை விட்டு இறக்கினால்தான் அவன் போனவன்.

செங்கோடன் ரங்கூனுக்குப் போனது மூன்று வருஷத்துக்கு முன்பு. பாதி நெய்த பாவைத் தறியில் விட்டுவிட்டுத்தான் போனான். திரும்பி வருவேன் என்று அந்த ஊரில் சொல்லும் முறை அது. கந்தம்மாள் அதன்மேல் பழஞ்சேலை போர்த்தி, கரப்பான் அரிக்காமல், எலி கடிக்காமல் காபந்து செய்துவந்தாள். வீட்டில் இருந்ததோ ஒரே குழித்தறி. மருமகள் கமலவேணிக்கு நெய்யத் தெரியும், கையும் வேகம். ஆனாலும் புருஷன் பாவு கிடக்கிற தறியில் அவள் உட்கார முடியாது. தினமும் நாலு வீடு போய் ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுத்துவிட்டு, அவர்கள் அளக்கிற கம்பை வாங்கி வருவாள்.

முதல் இரண்டு வருஷம் கடுதாசி வந்தது. போன வைகாசியில் ரங்கூன் துறைமுகத்தில் கலவரம் நடந்து, இந்தியக் கூலிக்காரர்கள் பலர் வெட்டுப்பட்டார்கள் என்று பத்திரிகையில் போட்டான். அதற்குப் பிறகு மற்ற வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் தபால் வந்து சேர்ந்தது. கந்தம்மாள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. செத்தான் என்றும் யாரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை. அப்படி இருக்கும்போது சர்க்கார் தாளில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பது என்றால் என்ன அர்த்தம் என்று கந்தம்மாளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்தப் பெயர் தாளில் ஏறியதே ஒரு பிசகால்தான். கணக்கு எடுக்கும் கடைசி ராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே வீடு வீடாகப் போய் வரைவு எழுதிக்கொள்ள வேண்டும் என்பது விதி. கைலாசத்தின் கீழ் தெருவுக்கு ஒருவராக எழுதப் போனவர்கள், வெயிலில் எதற்கு அலைவானேன் என்று ஊர்த் தறிகளைக் குறித்துவைக்கும் பாவடிச் சிட்டாவை வாங்கிவைத்து, தறிக்கு ஓர் ஆளாக இறக்கிவிட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. ரங்கூனிலும் கொழும்பிலும் இருந்த எழுபத்துமூன்று பேர் இப்படி ஊரில் குடியிருந்தார்கள். கூட்டிப் பார்த்தபோது ஐயாயிரத்து நாற்பத்தொன்று வந்தது.

அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்து ஒருவருக்கு வாயெல்லாம் பல். நூல் வியாபாரி வீரபாகு முதலியார்.

முதலியார் சேலத்திலிருந்து நூல் பேல் இறக்கித் தறிக்குக் கொடுப்பார். நெய்து வந்த லுங்கியை ரங்கூனுக்கு அனுப்புவார். சென்னையில் நூல் விலை ஏறினால் நாமக்கல்லுக்கு அன்றே தந்தி வந்துவிடும். அங்கிருந்து பாவடிப்பாளையத்துக்கு அந்தச் செய்தி மாட்டு வண்டியில் வரும். அதற்குள் விலை இறங்கியிருக்கும். ஊருக்கு ஒரு தந்தி ஆபீஸ் வேண்டும் என்று அவர் எழுதிய மனுக்கள் ஒரு பேல் இருக்கும். "ஐயாயிரம் தலை காட்டினால் பட்டணம் என்று எழுதலாம், பட்டணம் என்றால் தந்தியைப் பற்றிப் பேசலாம்" என்று ஓர் அதிகாரி எப்போதோ வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தார். வாய்ச்சொல்லை வைத்தே முப்பது வருஷம் வியாபாரம் செய்தவருக்கு அது போதும்.

கணக்கு ராத்திரிக்கு நாலு நாள் இருக்கும்போது கைலாசத்தைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"வாங்க வாத்தியாரே. சிவப்பு மை ரொம்ப விலைங்களாமே? கொஞ்சம் சிக்கனமாப் பொழங்குங்க."

கைலாசம் மடித்து வைத்திருந்த பத்திரிகையை விரித்தார். உலகத்தில் எந்தப் பட்டணம் ஐம்பது வருஷத்தில் எவ்வளவு வளர்ந்தது என்று அதில் ஒரு பத்தி நிறையப் போட்டிருந்தது. முதலியாரின் வாயை அடைக்க ஏதாவது படித்துக் காட்டலாம் என்றுதான் கொண்டுவந்தார்.

"எண்ணாச் சொன்னா எனக்கு ஏறாதுங்க. சரக்கா வெச்சுக் காட்டுங்க" என்றார் முதலியார். நூல் கட்டு ஒன்றைப் பிரித்தார். "ஒரு சிட்டம் ஒரு லட்சம். வைங்க லண்டன."

ஐம்பது வருஷத்துக்கு முந்திய லண்டனுக்கு நாற்பத்தேழு சிட்டம் போயிற்று. இப்போதைய லண்டனுக்கு எழுபத்தைந்து. நியூயார்க் பத்தொன்பதில் ஆரம்பித்து அறுபத்தொன்பதுக்கு வந்து நின்றது. கடை நடுவில் நூல் மலை ஏறிக்கொண்டே போனது. ஒசாகா என்றதும் முதலியார் முகம் கோணியது.

"நம்ம துணிக்கு உலை வெக்கற ஜப்பான்காரன் ஊருதானுங்களே? எத்தன?"

"அப்ப மூணோ நாலோ. இப்ப இருவத்திநாலு."

"ஆறு மடங்கு! படுபாவி." நல்ல சிட்டமாக எடுக்காமல், அழுக்கேறிய சிட்டங்களாகப் பொறுக்கி ஒசாகாவுக்கு வைத்தார். "ரங்கூன்?"

"ஒண்ணேகாலுக்கு மேல. போன கணக்குல மூணரைக்குக் கிட்ட."

"நம்ம சேலம்?"

கைலாசம் ஒரு சிட்டத்தை எடுத்துப் பாதியாக மடித்து வைத்தார். "அம்பது வருசத்துக்கு முந்தி அரைச் சிட்டம். அப்புறம் முக்கால் சிட்டத்துக்குக் கிட்ட ஏறுச்சு. பிளேக்கு வந்துச்சு, காய்ச்சல் வந்துச்சு. போன கணக்குல மறுபடியும் அதே அரைச் சிட்டமுங்க."

முதலியார் அந்த அரைச் சிட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் லண்டன் அவர் இடுப்பு உயரம் நின்றது.

"நாப்பது வருசம் கடை நடத்திப் போட்ட முதலை மட்டும் எடுத்துட்டு ஊட்டுக்குப் போறவன் மாதிரி இருக்குது" என்றார். "அவனுகளுக்கு மட்டும் என்னங்க, பொண்டாட்டிமாருக்கெல்லாம் ரெட்டையாப் பொறக்குதா?"

"அங்க பொறந்து பெருகினது கொஞ்சந்தானுங்க. எங்கெங்கயோ இருந்து போய்ச் சேந்ததுதான் அதிகம். ஒரு பக்கம் ஏறுச்சுன்னா இன்னொரு பக்கம் கொறைஞ்சிருக்கும்."

முதலியார் ரங்கூன் குவியலிலிருந்து ஓர் இழையை உருவினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நூல் எத்தனையாம் நம்பர் என்று பார்ப்பது போல் விரலில் உருட்டினார்.

"அப்ப இது நம்ம செங்கோடன்."

"ஆமாங்க."

"ஆள ரங்கூன்காரன் வெச்சுக்கட்டும் வாத்தியாரே. பேரையாச்சும் நாம வெச்சுக்கலாமில்ல?" என்று தோள் துண்டை எடுத்து முன்னால் நீட்டினார்.

மாட்டுச் சந்தையில் துண்டை மறைத்துப் போட்டு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விரல் பிடித்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் விலை தெரியாது. நூலுக்கும் துணிக்கும் அந்தப் பேரம் வழக்கமில்லை. முதலியார் தவிர்க்க முடியாத சமயத்தில் மட்டும் அதை எடுப்பார்.

கைலாசம் கையை நீட்டவில்லை. அதற்காக அவரைத் தைரியசாலி என்று சொல்லிவிட முடியாது. அடிக்கவும் பயம், அடிக்காமல் விடவும் பயம். எழுபத்துமூன்று வீட்டிலும் தாயோ தாரமோ வாசலில் நிற்பார்கள். கடைசியில் பயந்தவர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார்: முடிவை வேறொருவர் தலையில் வைத்தார்.

"பாவடித் தெருவுல மொத ஊடு கந்தம்மாளுது. அங்க என்ன நடக்குதோ அதுதான் மத்த ஊட்டுக்கும். எல்லாத்துக்கும் ஒரே தராசு."

முதலியாருக்கு மனம் குளிர்ந்தது. அந்த வீட்டுத் தறியில் பாவு இருக்கிறதே. அன்று சாயங்காலமே போய்க் கந்தம்மாளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"வாத்தியார் வந்து கேட்டா, 'இருக்கறான்'னு ஒரே வார்த்த சொல்லுங்கக்கா. அழுவாதீங்க. கத சொல்லாதீங்க. நீட்டிப் பேசுனா பேரம் கெட்டுப் போயிரும்."

வியாழக்கிழமை பொழுது இறங்கியதும் ஊர் அடங்கியது. யாரும் வெளியூர் போகக்கூடாது, விருந்து விசேஷம் வைக்கக்கூடாது என்று தண்டோரா போட்டிருந்தார்கள். நிலா ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கதவிலும் செங்காவியால் எழுதிய எண் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் ஜனங்கள் எண்ணப்படுவதற்காக, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு கைலாசம் முன்னால் போக, நூல் பாக்கி வசூலுக்கு வருவது போல் முதலியார் பின்னால் வந்தார்.

கந்தம்மாள் வீட்டில் மூன்று தட்டு வைத்திருந்தது. இரண்டு மண் தட்டு. ஒன்று வெண்கலம். வெண்கலத் தட்டில் களி உருண்டையும் கீரையும் வைத்து, தறிக்குழிக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டுப் போட்டிருந்தாள். பாவின்மேல் போர்த்திய சேலையை அன்று எடுத்திருந்தாள். மூன்று வருஷத்து இழை விளக்கு வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தது.

கைலாசம் தாளை விரித்தார். "கந்தம்மாள், பொண்ணு. இருக்கறீங்க. கமலவேணி, பொண்ணு. இருக்கறீங்க." மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "செங்கோடன்?"

"இருக்கறான்" என்றாள் கந்தம்மாள். அழவில்லை, கதை சொல்லவில்லை.

முதலியார் மெல்ல மூச்சு விட்டார்.

கைலாசம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெண்கலத் தட்டைப் பார்த்தார். சிவப்பு மைக் கூட்டை மூடப் போனார். அப்போது கமலவேணி கதவோரம் நின்றபடி கேட்டாள்.

"ஏனுங்க வாத்தியாரே, ரங்கூன்லயும் இப்படி எண்ணுவாங்களா?"

"எண்ணுவாங்கம்மா. அதுவும் இதே சர்க்கார்தான்."

"எப்பங்க?"

"இன்னைக்குத்தான். இதே ராத்திரி."

"அங்க அவுங்க படுத்திருக்கற எடத்துக்கும் வெளக்கு எடுத்துட்டு வருவாங்களா?"

"கூலியாளுக படுக்கற ஒவ்வொரு கொட்டாயிக்கும் போவாங்க."

"ஒரே ஆளு ரெண்டு எடத்துல எழுதியிருந்தா?"

"அதெப்படி? ஒண்ணு பொய்யாத்தான் இருக்கோணும்."

கமலவேணி அதற்குமேல் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது தறி என்று முதலியாருக்குத் தெரியும். ஆனாலும் அந்த முகத்தில் தறியைப் பற்றிய யோசனை எதுவும் தெரியவில்லை.

கந்தம்மாள் கைலாசத்தைப் பார்க்காமல் முதலியாரைப் பார்த்தாள். கணக்கு என்று வந்தால் அந்தத் தெரு அவரைத்தான் கேட்கும்.

"மொதலாளி, எது பொய்யாவும்?"

அங்கே எழுதியது பொய்யாகும், இங்கே எழுதியதுதான் நிற்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஐயாயிரம், பட்டணம், தந்தி ஆபீஸ் எல்லாம் அந்த வார்த்தையில் இருந்தன. முதலியார் வாயைத் திறந்தார். வெளியே வந்தது முப்பது வருஷக் கடைப் பழக்கம்.

"வித்து அனுப்பின சரக்க இருப்புல காட்டினா, வித்தது பொய்யாயிருமுங்கக்கா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கந்தம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இங்க இருக்கறான்னு நான் எழுதிக் குடுத்தா, அங்க அவன் இல்லைன்னு நானே சொன்ன மாதிரி."

வெண்கலத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"அங்க எண்ணுனாத்தான் அவன் உசுரோட இருக்கறான். இல்லீங்களா? உசுரோட இருந்தா அங்கதானே இருப்பான். இங்க எப்பிடி இருப்பான்?"

எழுந்தாள். கூரைச் செருகலிலிருந்து கத்தரியை எடுத்தாள். தறிக்குழியில் இறங்காமல் ஓரத்திலேயே குனிந்து, நெய்த துணிக்கும் நெய்யாத பாவுக்கும் நடுவில் வைத்து அறுத்தாள். மூன்று வருஷமாக இழுத்துக் கட்டியிருந்த இழைகள் பட்டுப்பட்டென்று தெறித்துத் தளர்ந்தன. அறுத்து முடிக்க நேரம் பிடித்தது. கத்தரி மழுங்கியிருந்தது. கமலவேணி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிங்க சாமி" என்றாள் கந்தம்மாள். "அங்க எழுதட்டும்."

கைலாசம் அடித்தார். சிவப்புக் கோடு நேராக விழவில்லை.

வெண்கலத் தட்டை எடுத்து மருமகள் கையில் கொடுத்தாள் கந்தம்மாள். "நீ தின்னு. காலையில பாவு ஏத்தோணும்."

அன்று நடுச்சாமத்துக்குள் எழுபத்துமூன்று வரியும் அடிபட்டன. முதல் வீட்டில் நடந்தது விளக்கு போவதற்கு முன்பே தெரு முழுக்கப் பரவிவிட்டது. சில வீட்டில் பாவை அறுத்தார்கள். சில வீட்டில் அறுக்க மனம் வராமல், பெயரை மட்டும் அடிக்கச் சொன்னார்கள். சில வீட்டில் பெண்கள் கைலாசத்தைப் பார்த்து, "ரங்கூன் கணக்குப்பிள்ளைக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்கள். பாவடிப்பாளையத்தின் தொகை நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு. முதலியார் அதைக் கேட்டு, "முப்பத்திரண்டு கொறையுது. தள்ளுபடி கேட்டாக் குடுப்பானா டில்லிக்காரன்?" என்றார். மறுநாள் முழுவதும் அவர் யாரிடமும் பேரம் பேசவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, அச்சான புத்தகத்தைத் தாலுகா ஆபீஸில் பார்த்துக் கைலாசம் எண்களைக் குறித்துவந்தார். சேலம் ஒரேயடியாக ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. ரங்கூன் நாலு லட்சத்து நானூற்றுப் பதினைந்து. கந்தம்மாளிடம் வந்து சொன்னார்.

"நாலு லட்சத்தோட நிறுத்தாம அந்த நானூத்திப் பதினஞ்சு எதுக்குங்க?"

"ஒவ்வொரு தலையா எண்ணுனதுங்களே. வந்தத அப்படியே போடறது."

"அப்ப சரி. உடாம எண்ணியிருக்கறாங்க" என்றாள். அதற்குப் பிறகு யாராவது மகனைப் பற்றிக் கேட்டால், "அந்தப் பதினஞ்சுல ஒருத்தன்" என்பாள். கமலவேணி அதே தறியில் நெய்தாள். பிறகு பக்கத்தில் இன்னொரு குழி தோண்டினாள்.

1941இல் மறுபடியும் எண்ணினார்கள். பாவடிப்பாளையம் யாருடைய சிபாரிசும் இல்லாமல் ஐயாயிரத்தைத் தாண்டியது. தந்தி ஆபீஸும் வந்தது. மறு வருஷம் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். அதனால் புதுத் தந்திக் கம்பியில் முதலில் வந்ததெல்லாம் அழுகைச் செய்திகள்தான். காட்டிலும் மலையிலும் நடந்தே திரும்பியவர்கள் ஒவ்வொருவராக ஊர் சேர்ந்தார்கள். சிலர் சேரவில்லை.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் முதலியார் கடைப் படியில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தான். காலில் துணி சுற்றியிருந்தது. கெங்கவல்லிக்காரன், பெயர் அங்கமுத்து. தன் ஊருக்கே இன்னும் போய்ச் சேரவில்லை. வழியை விட்டு விலகி இங்கே வந்திருந்தான்.

"வீரபாகு கடைன்னா இதுதாங்களா? செங்கோடன்னு ஒரு ஆளு சொல்லி அனுப்பிச்சாரு. பதினொரு வருஷம் ஆச்சு. எனக்கு எழுதத் தெரியாது. ஊருக்கு வந்தா நேர்ல சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். இப்பதான் வர முடிஞ்சது."

முதலியார் அவனுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். அவன் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் கேட்கவில்லை. சரக்கு கைக்கு வரும் முன்னால் அவசரப்பட்டு அவருக்குப் பழக்கமில்லை.

"எப்பப் பாத்தே அவன?"

"சென்சஸ் எடுத்தாங்களே, அந்த ராத்திரி. அன்னிக்கு மட்டும்தாங்க பார்த்தேன். நாங்க தங்கின கொட்டாய் நாப்பது பேருக்குத்தான் லைசென்ஸு. படுக்கறது தொண்ணூறு பேரு. எண்ண வர்றான், கூட்டத்தைப் பார்த்தா அபராதம் போடுவான்னு கொட்டாய்க்காரன் மிச்சப் பேரையெல்லாம் தொரத்திட்டான். பக்கத்துக் கொட்டாய்லயும் அதே கதை. படகுத் துறையில எறநூறு முந்நூறு பேரு குந்தியிருந்தோம். அங்கதான் அவரைப் பார்த்தேன். கலவரத்துல பொட்டி படுக்கை எல்லாம் போச்சாம். கையில காசு சேர்ந்தப்புறம்தான் ஊருக்கு எழுதுவேன்னு வீம்பா இருந்தாரு. ராத்திரி பூரா அவங்கம்மாவைப் பத்தியும், தறியில விட்டுட்டு வந்த பாவைப் பத்தியும் பேசினாரு. விடிஞ்சதும் ஏதோ அரிசி மில்லுல ஆளெடுக்கறாங்கன்னு படகு ஏறிட்டாரு. அப்புறம் பார்க்கல."

"துறையில எண்ணுனாங்களா?"

"யாரு வந்தா அங்க?"

"அப்ப நீயும் கணக்குல இல்ல?"

"நானும் இல்லீங்க."

"உலகத்துலயே இல்லாம பதினோரு வருசம் எப்பிடிடா சோறு தின்னே?" என்றார் முதலியார். இருவரும் சிரிக்கவில்லை.

செய்தி தெருவுக்குள் போய்விட்டது. கமலவேணி கையைப் பிடித்துக்கொண்டு கந்தம்மாள் வந்தாள். கண் அவளுக்குப் பெரும்பாலும் போய்விட்டது. அங்கமுத்து எழுந்து நின்றான்.

"நீங்க பாத்தீங்களா சாமி?"

"பார்த்தேம்மா. அந்த சென்சஸ் ராத்திரி முழுக்க எங்கூடத்தான் இருந்தாரு. நல்லா இருந்தாரு. உங்களைப் பத்தித்தான் பேசினாரு."

கந்தம்மாள் அவன் குரல் வந்த பக்கம் ஓர் அடி வைத்தாள். பிறகு கேட்டாள்: "எண்ணுனாங்களா?"

முதலியாரின் தோள் துண்டு அங்கமுத்துவின் கைமேல் வந்து விழுந்தது. அடியில் அவன் ஒற்றை விரலை முதலியார் கெட்டியாகப் பிடித்தார். கெங்கவல்லிக்காரன் மாட்டுச் சந்தை பார்த்தவன். ஒன்று என்ற விலை அவனுக்குப் புரிந்தது. கமலவேணி துண்டைப் பார்த்தாள், முதலியாரைப் பார்த்தாள்.

"எண்ணினாங்கம்மா" என்றான் அங்கமுத்து. "என் கண்ணு முன்னாலதான். ஒண்ணுன்னு அவரைத் தொட்டு எண்ணினாங்க."

"பாத்தீங்களா மொதலாளி" என்றாள் கந்தம்மாள். "அன்னைக்கு நான் அறுத்தது சரிதானுங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெள்ளி அரைஞாண்கொடியை எடுத்து அங்கமுத்துவின் கையில் வைத்தாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் விடவில்லை. கடைசியில், வழிச் செலவுக்கு என்று முதலியார் சொன்ன பிறகுதான் வாங்கினான்.

கந்தம்மாள் 1945 ஐப்பசியில் இறந்தாள். பாவடி முறைப்படி தறிக்கு ஒரு கட்டாக விறகு வந்தது. கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்று ஒருவர் சொன்னார். ரங்கூனில் இருக்கிறார் என்று கமலவேணி சொன்னாள். பங்காளி வீட்டுப் பையன் வைத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து முதலியாரும் கைலாசமும் கடைக்கு வந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. நூலுக்குக் கட்டுப்பாடு வந்து, கடையில் லண்டன் அளவுக்குச் சரக்கு இல்லை.

"புதுக் கணக்கு என்னங்க வாத்தியாரே? வாயாலயே சொல்லுங்க. சிட்டத்துக்கு எங்க போறது?"

கைலாசம் சொன்னார். நியூயார்க் எழுபத்துநாலரைச் சிட்டம். ஒசாகா முப்பத்திரண்டரை. லண்டன்: குண்டு விழுந்துகொண்டிருந்ததால் அந்த வருஷம் எண்ணவில்லை. ரங்கூன்: எண்ணினார்கள், எண்ணிய தாள் யுத்தத்தில் போய்விட்டது. சேலம் ஒன்றேகாலுக்கு மேல். பாவடிப்பாளையம் ஐயாயிரத்து அறுநூற்றுப் பதினொன்று.

"செங்கோடன்?" என்றார் முதலியார்.

முதலியார் தானே சொல்லி முடித்தார்: இங்கே அடித்தது ஒன்று, அங்கே வரவு இல்லை, நிலுவை ஒன்று.